நிபந்தனை இல்லாத சீட்

மார்ச் மாதம் வந்துவிட்டால் இங்கிலாந்தின் கடலோர ஊரான எங்கள் மோர்கமில் பதினெட்டு வயசுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்துவார்கள். சிக்ஸ்த் ஃபார்ம் என்கிற மேல்நிலைப் பள்ளியின் கடைசி வருஷம், மே மாதத்திலிருந்து பரீட்சை, அந்த மார்க்கை வைத்துத்தான் பல்கலைக்கழகம். அப்பாக்கள் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார்கள். அம்மாக்கள் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு மேலே விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்த வருஷம் என் பக்கத்து வீட்டில் மட்டும் மார்ச்சிலேயே கேக் வெட்டினார்கள்.

பக்கத்து வீடு என்றால் லொரெய்ன் கார்ட்மெல் வீடு. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். புருஷன் போய் ரொம்ப நாளாகிறது. போய் என்றால் செத்துப் போய் இல்லை, பிளாக்பூலுக்குப் போய். ஒரே பெண் கிர்ஸ்டி. லொரெய்ன் வேலிக்கு மேலே கேக் தட்டை நீட்டினாள்.

"எடுத்துக்கோ ஷீலா. எம்பொண்ணு பரீட்சை எழுதாமலே பாஸ்."

"எழுதாமலேயா?"

"எழுதத்தான் போறா. ஆனா மார்க் எதுவா இருந்தாலும் சீட் உண்டு. நிபந்தனையே இல்லையாம். எங்க வம்சத்துல யாரும் யுனிவர்சிட்டி வாசல மிதிச்சதில்ல. இவ நடந்து வர்றதுக்குள்ள கதவத் தொறந்து வச்சுட்டாங்க பாரு."

கிர்ஸ்டி சமையலறை ஜன்னலுக்குள்ளே நின்றாள். கேக் சாப்பிடுகிற முகமாக இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து இடத்துக்கு விண்ணப்பம் போடுவார்கள். பரீட்சைக்கு முன்பே அவர்கள், 'இன்ன மார்க் கொண்டு வா, சீட் தருகிறோம்' என்று பதில் சொல்லிவிடுவார்கள். அதில் பிடித்தது ஒன்றையும், அது கைவிட்டால் போக இன்னொன்றையும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். கிர்ஸ்டிக்குப் பிடித்தது நிலவியல். பாறையையும் மண்ணையும் பற்றிய படிப்பு. லொரெய்ன் அதைக் கல்லுப் படிப்பு என்பாள். முந்தின வருஷம் பள்ளியில் மலைப்பக்கம் கூட்டிப் போனபோது, உச்சியில் கிடந்த சுண்ணாம்புக் கல்லுக்குள் ஒரு கடல்பூச்சியைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த மலை உச்சியில் கடல் எப்போது இருந்தது என்பதே பேச்சு. வடக்கே ஒரு பல்கலைக்கழகம் அந்தப் படிப்புக்கு இரண்டு ஏ, ஒரு பி கேட்டிருந்தது. ஐந்தாவது விண்ணப்பத்தைக் காலியாக விட வேண்டாமே என்று, தெற்கே பெயர் மட்டும் தெரிந்த ஓர் ஊரில் சுற்றுலா மேலாண்மைக்குப் போட்டு வைத்தாள். அந்த ஊர்தான், 'எங்களை முதலில் வைத்துக்கொள், மார்க்கே வேண்டாம்' என்றது.

அதே வாரம் மாதிரித் தேர்வு முடிவு வந்தது. வேதியியலில் கிர்ஸ்டியின் மார்க் தரையில் கிடந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், கம்ப்யூட்டரில் தெற்கை முதலாவதாக வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டாள். நிபந்தனை இல்லாததை முதலில் வைத்தால் இரண்டாவதாக எதையும் வைத்துக்கொள்ள முடியாது. மற்ற நாலும் போயிற்று.

அவர்களுடைய சிக்ஸ்த் ஃபார்ம் பொறுப்பாசிரியை மிஸ் எண்ட்விஸில், மறுநாள் கேட்டு நெற்றியில் கை வைத்தாராம்.

"மே மாசம் வரைக்கும் டைம் இருந்துச்சே கிர்ஸ்டி. ஈஸ்டர் லீவாவது முடியட்டும்னு விட்டிருக்கலாமே."

"முடிச்சிட்டேன் மிஸ். இனிமே தூக்கம் வரும்."

தூக்கம் எங்கே வந்தது. அந்தப் பெண்ணுக்கு உட்காரவே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இவர்களுக்கென்று ஒரு பொது அறை உண்டு. பழைய சோபா, கெட்டில், டோஸ்ட் போடும் இயந்திரம். எல்லாரும் கலர் கலராக அட்டை எழுதி வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். கிர்ஸ்டி மட்டும் கெட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருப்பாள். இதெல்லாம் அவள் சிநேகிதி சைமா என்னிடம் சொன்னது. சைமாவுக்கு மருந்தாளுநர் படிப்பு வேண்டும், மூன்று ஏ கேட்டிருந்தார்கள், அவள் கண்ணுக்குக் கீழே அப்போதே கறுத்திருந்தது.

"யாருக்கு டோஸ்ட் வேணும்?" என்பாளாம் கிர்ஸ்டி.

"இப்பதானடி குடுத்த."

"டீ?"

"கிர்ஸ்டி, நீ மகாராணி. உனக்கு வேலையில்ல. நாங்க கூலிக்காரங்க. சும்மா இருக்கறவங்க சும்மா இருக்கணும், எங்க கால்ல வந்து சுத்தக் கூடாது."

"நான் என்ன பண்ணட்டும்? வெளிய மழை."

"இந்தா." சைமா அட்டைக் கட்டைத் தூக்கிப் போட்டாள். "உக்காந்து என்னைக் கேள்வி கேளு. புண்ணியமாப் போகும்."

கிர்ஸ்டி கேட்டாள். கேட்டுவிட்டு, சைமா வாயைத் திறப்பதற்குள் பதிலையும் சொன்னாள். பக்கத்து சோபாப் பையன் சிரித்தான்.

"பரீட்சை எனக்கா உனக்காடி?" என்றாள் சைமா.

ஏப்ரலில் அந்தத் தெற்குப் பல்கலைக்கழகம், சீட் கொடுத்த பிள்ளைகளைக் குடும்பத்தோடு வந்து பார்க்கச் சொல்லியிருந்தது. லொரெய்ன் புதுச் சட்டை வாங்கினாள். அதற்கு முன்பே அவள் வீட்டு நடையில் ஒரு பெரிய பெட்டி உட்கார்ந்துவிட்டது. பெண் அங்கே தங்கும்போது வேண்டுமே என்று வாணலி, வடிதட்டு, கரண்டி, தலையணை உறை என்று வாரம் ஒன்றாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். இங்கே எல்லா அம்மாக்களும் செய்வதுதான், ஆனால் ஆகஸ்டில் செய்வார்கள். கிர்ஸ்டி தினமும் அதில் இடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வாள். அந்த வார்த்தை சுவர் தாண்டி எனக்குக் கேட்கும்.

போன இடத்தில் பலூன் கட்டியிருந்தார்கள், துணிப்பை கொடுத்தார்கள். ஒரு பேராசிரியை, ஹோட்டல் வரவேற்பறையில் பூச்சாடியை எங்கே வைத்தால் விருந்தாளி சிரிப்பார் என்று அரைமணி நேரம் படம் போட்டுக் காட்டினாராம். லொரெய்னுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. குறிப்புகூட எடுத்தாள். வெளியே வந்தபோது பெரிய கூடம், பளபளவென்று கல் பாவிய தரை. எல்லாரும் நடந்தார்கள். திரும்பிப் பார்த்தால் கிர்ஸ்டியைக் காணோம். நாலு காலில் தரையில் கிடந்தாள், மூக்கு கல்லில் படுகிற மாதிரி.

"என்னடி தொலைச்ச?"

"அம்மா, இங்க பாரு. சங்கு. குறுக்க வெட்டியிருக்கு. இதோ இது பவளம். இந்தத் தரை பூரா செத்த கடல்மா."

"எந்திரி. அந்தப் பேராசிரியம்மா பாக்குறாங்க."

"இவங்களுக்குத் தெரியுமா? தினம் மேல நடந்து போறாங்களே, தெரியுமா?"

"எந்திரிடின்னா."

ரயிலில் திரும்பும்போது லொரெய்ன் துணிப்பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். ஏதோ ஒரு ஸ்டேஷன் தாண்டியதும் கிர்ஸ்டி சொன்னாள்.

"அம்மா, எனக்கு அங்க போகப் பிடிக்கல."

"பயம். எல்லாருக்கும் வரும்."

"பயந்துதான் அதுக்கு ஒத்துக்கிட்டேன். இப்ப பயமில்ல, பிடிக்கல."

"பசியா இருக்கும். சாண்ட்விச் இருக்கு பாரு."

மாற்றிக்கொள்ள முடியுமா என்று மறுநாள் மிஸ் எண்ட்விஸிலிடம் போய்க் கேட்டாள். மனசு மாற இரண்டு வாரம் கொடுப்பார்களாம், அது தாண்டிவிட்டது. இனி ஒரே வழி, ஆகஸ்டில் மார்க் வந்த பிறகு, காலியிடத்துக்கு ஆள் எடுக்கும் அந்த அடிதடியில் நுழைவது. அதைக் கிளியரிங் என்பார்கள். அதற்கும் வடக்கில் இடம் மிஞ்ச வேண்டும், இவளிடம் மார்க் இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே கிர்ஸ்டி மேலே போய்க் கதவைச் சாத்தினாள். எதற்கென்று அம்மாவிடம் சொல்லவில்லை. லொரெய்ன்தான் என்னிடம் வந்து புலம்பினாள்.

"ஷீலா, மார்க்கே வேணாம்னு சொன்னவங்களுக்காக எவளாவது கண்ணு முழிச்சுப் படிப்பாளா? கேட்டா சும்மாங்கிறா."

"படிக்கட்டுமே. படிக்கலன்னாதான நம்ம கவலப்படணும்."

"நிம்மதியா இருன்னு ஒரு வழி காட்டுனா, அந்த வழியில போக மாட்டேங்கிறாளே."

மே, ஜூன் எப்படியோ போயிற்று. பரீட்சை முடிந்து கடற்கரை ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆள் இல்லாத நேரத்தில் காலியான நாற்காலிகளை இங்கிருந்து அங்கே மாற்றிப் போடுவாள், பிறகு அங்கிருந்து இங்கே. முதலாளி, 'உனக்குக் கால்ல சக்கரமா கண்ணு?' என்று கேட்பார். கடல் உள்வாங்கினால் வளைகுடாவின் சேற்றுப் பக்கம் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை மார்க் வரும். லொரெய்னுக்குக் காலை ஷிஃப்ட். அவளைப் பொறுத்தவரை அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, சீட்தான் இருக்கிறதே. பிள்ளைகள் இரண்டையும் நான்தான் காரில் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். சைமா பின்சீட்டில் கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டே வந்தாள். கிர்ஸ்டி ஜன்னலை இறக்கினாள், ஏற்றினாள், இறக்கினாள்.

"அத விடு கிர்ஸ்டி, மோட்டார் எரிஞ்சிடும்."

"சாரி ஷீலா ஆன்ட்டி." மறுபடி இறக்கினாள்.

கூடத்தில் நீள மேஜை போட்டு, பெயர் வரிசையில் உறைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அழுகிறவர்கள் ஒரு பக்கம், கத்துகிறவர்கள் ஒரு பக்கம். சைமா பிரித்தாள். இரண்டு ஏ, ஒரு பி. முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஆனால் அவள் பல்கலைக்கழகம் ஒரு பியைக் கண்டுகொள்ளாமல் எடுத்துக்கொண்டிருந்தது, அது போனில் ஏற்கெனவே வந்திருந்தது, அவள்தான் பயத்தில் பார்க்கவில்லை. போனைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ பிரிடி," என்றாள் தரையிலிருந்து.

கிர்ஸ்டி பிரித்தாள். புவியியல் ஏ, கணிதம் பி, வேதியியல் ஏ. வடக்கு கேட்ட அதே கணக்கு.

"ஐயையோ," என்றாள் கிர்ஸ்டி. அந்தக் கூடத்திலேயே நல்ல மார்க்கைப் பார்த்து அப்படிச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

மிஸ் எண்ட்விஸில் அவளைக் கம்ப்யூட்டர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். வடக்கில் நிலவியலுக்கு இன்னும் இடம் இருந்தது. போனைக் கையில் கொடுத்தார்.

"நீங்க பேசுங்க மிஸ்."

"நான் பேசுனா வச்சிடுவாங்க. படிக்கப் போறவதான் பேசணும்."

இவள் நின்றுகொண்டு, நடந்துகொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் ஓர் ஆள் எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது. மார்க் கேட்டார், பெயர் கேட்டார். பிறகு அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம்.

"நாங்க உனக்கு ஏற்கெனவே இடம் குடுத்திருக்கோமேம்மா. மார்ச்சுல நீதான் வேணாம்னு சொல்லியிருக்க."

"ஆமா சார்."

"ஏன்?"

கிர்ஸ்டி மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் கூரையைப் பார்த்தார்.

"பயந்துட்டேன் சார். மார்க் வராதுன்னு நெனச்சேன். வேற எடத்துல மார்க்கே வேணாம்னாங்க."

அந்த ஆள் சிரித்தார். "இன்னிக்குக் காலைல இதச் சொல்ற மூணாவது ஆள் நீ. சரி, இடம் தர்றேன். ஆனா உன் பழைய இடத்த நீயே விட்டுட்டு வந்தாதான் எங்களால உன்னைச் சேக்க முடியும். இன்னிக்கு மதியத்துக்குள்ள பண்ணு. அதுக்கு மேல நான் பிடிச்சு வைக்க முடியாது."

போனை வைத்தாள். திரையில் அந்தப் பொத்தான் இருந்தது. 'என் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன்.' விட்ட பிறகு, புதுசு பதிவாகிற வரைக்கும் அவளுக்கு எங்குமே இடம் கிடையாது.

"அம்மாகிட்ட சொல்லணும்," என்றாள்.

நான் போய் லொரெய்னைக் கூட்டி வந்தேன். வேலை உடுப்போடு வந்தாள், கையில் இன்னும் ரப்பர் கையுறை. காரில் நான் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியைக் கேட்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"கையில வச்சிருக்கறத விடணுமா? விட்டாதான் அவங்க தருவாங்களா? இது எந்த ஊர் நியாயம்?"

"ரூல் அப்படி, லொரெய்ன்," என்றார் மிஸ்.

"போன்ல ஒருத்தன் சொன்னான்னு விடணும். அவன் பேரு என்ன? பேரு கேட்டியா?"

"கேக்கலம்மா."

"பேருகூடக் கேக்கல." லொரெய்ன் என்னைப் பார்த்தாள், நான்தான் கேட்காமல் விட்டது போல. "நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லம்மான்னா? விடுதி ரூம் போட்டாச்சு. ஜன்னல்ல இருந்து மரம் தெரியும்னாங்க. ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

"ஊரா போகப் போகுது? நான்தான போகப் போறேன்."

"மிஸ், நீங்க சொல்லுங்க. சொன்ன வாக்கு மாற மாட்டாங்களா?"

"நான் பாத்த வரைக்கும் மாறினதில்ல. ஆனா உறுதி குடுக்கற அதிகாரம் எனக்கில்ல."

"நீங்க இவளப் பெத்தவளா இருந்தா?"

"பெத்தவளா இருந்தா வேணாம்னுதான் சொல்வேன். நல்லவேளை, நான் பெறல."

கிர்ஸ்டி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பிறகு அம்மாவின் முன்னால் வந்து நின்று, அந்த ரப்பர் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள்.

"அம்மா, மார்ச்சுல இருந்து நான் எப்படி இருக்கேன்னு நீ பாத்த இல்ல? டோஸ்ட் போட்டுக்கிட்டு, நாற்காலிய மாத்திக்கிட்டு. அங்க போனா மூணு வருஷமும் எனக்கு மார்ச்சுதான்."

"இது போயிட்டா?"

"ஐஸ்கிரீம் கடை இருக்கு. அடுத்த வருஷம் மறுபடியும் போடுவேன்."

"அந்தக் கடையில நீ நிக்கறதப் பாக்கவா நான்..." வெளியே கூடத்தில் யாரோ யாரையோ தூக்கிச் சுற்றினார்கள். லொரெய்ன் திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளைப் படிக்க ஆரம்பித்தாள். "நான் பாக்கல. நீ என்ன பண்றியோ பண்ணிக்கோ."

கிர்ஸ்டி பண்ணினாள். 'நிச்சயமாகவா?' என்று திரை கேட்டது. ஆமாம் என்றாள். 'உங்களுக்கு இப்போது எங்கும் இடம் இல்லை' என்று வந்தது.

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. புது இடத்தைப் பதிய ஓர் எண் வர வேண்டும், அது வரவில்லை. நாடு முழுக்க அன்றைக்கு அதே பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. மிஸ் எண்ட்விஸில் அடுத்த பையனைக் கவனிக்கப் போய்விட்டார். சைமா வாசலில் நின்று நகத்தைக் கடித்தாள். லொரெய்ன் தீயணைப்பு விதிகளை முடித்துவிட்டுத் தாழ்வாரத்தின் கோடிக்கும் அறைக்குமாக நடந்தாள். ஒவ்வொரு முறை வாசலைத் தாண்டும்போதும், "வந்துச்சா?" என்றாள்.

கிர்ஸ்டி மட்டும் உட்கார்ந்திருந்தாள். கால் ஆடவில்லை, கை எதையும் தேடவில்லை. எண் வந்தால் அமுக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேலை.

முதியோர் இல்லத்திலிருந்து லொரெய்னுக்குப் போன் வந்தது. தாழ்வாரத்தின் நடுவில் நின்று எடுத்தாள். கடந்து போன அம்மா அப்பாக்கள் எல்லாருக்கும் கேட்டது.

"இல்லம்மா, இப்ப வர முடியாது. எம்பொண்ணுக்கு இந்த நிமிஷம் எங்கயும் இடமில்ல. கிடைச்ச பிறகு வர்றேன்... அது பழசு, அத விட்டாச்சு... அவளேதான் விட்டா... ஆமா, தெரிஞ்சேதான்."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, பெண்ணின் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்புறம் இரண்டு பேருமாக அந்த வட்டத்தைப் பார்த்தார்கள்.

எண் வந்தது. கிர்ஸ்டி வடக்கைப் பதிந்தாள். அவர்கள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரும்போது மதியமாகியிருந்தது. லொரெய்ன்தான் முதலில் படித்தாள், மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். சைமா ஓடி வந்து கிர்ஸ்டியின் முதுகில் அடித்தாள், கொஞ்சம் பலமாகவே.

லொரெய்னை வேலைக்கு நான்தான் திரும்பக் கொண்டு போய் விட்டேன். பிள்ளைகள் பின்னால். ஊருக்குள் ஒரே நெரிசல். சிக்னலில் நின்றபோது லொரெய்ன் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன் கிர்ஸ்டி, கல்லப் படிச்சா நிஜமாவே வேலை கிடைக்குமா?"

"தெரியலம்மா."

"அங்க ரொம்பக் குளிருமே?"

"குளிரும்."

லொரெய்ன் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். விளக்கு பச்சையானதை நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற வேன்காரன் ஹாரன் அடித்தான். லொரெய்ன் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"இருப்பா. எம்பொண்ணு கல்லு படிக்கப் போறா," என்றாள் அவனிடம்.